பதிமூன்றாம் நாள் தொட்ட உப்பு

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்தில் மூன்று நான்கு மாதம்தான் கைரேகை உண்டு. மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் வெள்ளம் நின்று வேலை ஓயும்போது விரல்நுனியில் கோடுகள் மெல்லத் திரும்பி வரும். தை பிறந்து, மறுபடி பாத்தியில் இறங்கி ஈர உப்பை அள்ளத் தொடங்கினால், சில நாளிலேயே தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். சீசனில் இவர்களைப் பார்த்தால் ரேஷன் கடைக்காரர் கட்டைவிரலைக் கேட்கவே மாட்டார். மெஷினில் கண்ணைக் காட்டு என்பார். ஊரில் யாரும் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை. மேரிசெல்வி மட்டும்தான் இதை வைத்துத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

மேரிசெல்விக்கு முப்பத்து நாலு வயது. குடிகாரப் புருஷன் வாய்த்திருந்தால் பழியை அவன் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். ஆரோக்கியராஜோ கொத்தனார் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ஒரு டீயோடு நிறுத்திக்கொள்கிற மனுஷன். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் ஆஷ்லின் ஒன்பதாவது படிக்கிறாள், தன் தலையைத் தானே பின்னிக்கொள்வாள். ஆக, இவளைக் கெடுப்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. அந்த வேலையையும் இவளே பார்த்துக்கொண்டாள்.

ப்ளஸ் டூவில் ஆயிரத்துப் பன்னிரண்டு மார்க் வாங்கியவள் அவள். அந்த வருஷமே திண்டிவனத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. மூன்றாம் பேருக்குத் தெரியாமல் அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். சேர வேண்டிய தேதி போன பிறகு எடுத்து அடுப்பில் போட்டாள். கடிதம் வரவேயில்லை என்றுதான் வீட்டில் பேச்சு. அவள் அப்பன் சாகும்வரை தபால்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான். எட்டு வருஷம் கழித்து அங்கன்வாடி வேலைக்கு இண்டர்வியூ வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு பஸ்ஸைக் கண்ணெதிரே விட்டுவிட்டு, மூன்றாவதில் ஏறி, எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தாள். ஈ.சி.ஆரில் டிராஃபிக் ஜாம் என்று சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இவளுக்கு ஆடவும் தெரியும். தெரிந்தும் கூடத்தின் மேல்தான் பழி.

ஏன் இப்படி என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் உப்பளத்தில் அவளைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் புரியும். பாத்தித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இன்றைக்கு வாரலாமா, நாளைக்கா என்று சொல்லிவிடுவாள். மேஸ்திரி சடையப்பன் யாரையும் மதிக்காத ஆள். அவரே வரப்பில் நின்று, "ஏம்மா மேரி, இன்னா சொல்ற?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆளை இறக்குவார். அந்த வெள்ளைக் காட்டுக்குள் அவள் ஒரு ராணி. வெளியே காலை வைத்தால் ஒன்றுமில்லாதவள் என்று எப்போதோ மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

அந்த உப்பளமோ அவள் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. வெயிலும் உப்பின் கூச்சமும் சேர்ந்து இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்திருந்தது. போன ஐப்பசியில் நடந்த கண் முகாமில் டாக்டர் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு சீசன் அங்க நின்னீங்கன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லம்மா" என்றார்.

அப்போதுதான் மாதா கோயில் பெண்கள் கூட்டத்துக்கு ஜெனிதா வந்தாள். புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிற பெண். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சி ஒரு வருஷம், பிறகு அங்கேயே வேலை, முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்றாள். மேரிசெல்விக்கு மே மாதம் முப்பத்தைந்து முடிகிறது. எழுத்துப் பரீட்சையில் நாற்பது பேரில் மூன்றாவதாக வந்தாள். சேருகிற நாளில் வருகைப் பதிவு மெஷினில் விரலைப் பதிய வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

சேரும் தேதியைச் சொல்லி அனுப்பியபோது சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. விரலில் ஒரு கோடு இல்லை. பதினைந்து நாள் உப்புத் தண்ணீர் படாமல் இருந்தால் ரேகை வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உப்பளத்தில் வேலை ஜோடிக் கணக்கு. ஒருத்தி அள்ளி நிரப்புவாள், மற்றவள் தலையில் சுமந்து கரையில் கொட்டுவாள். அலுத்தால் மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தி வராவிட்டால் மேஸ்திரி அன்றைக்கே வேறு ஆளைச் சேர்த்துவிடுவார், போனவளுடைய இடம் போனதுதான்.

அவளுடைய ஜோடி தனகோடி. பத்து வயது மூத்தவள், புருஷன் இல்லாதவள், வாய் நீளம். "நீ போய் வீட்ல குந்திகினு எண்ண தடவு. ஒன் எடத்துல ஒருத்தியையும் வுடமாட்டேன். ரெண்டு பங்கையும் நானே பாத்துக்கறேன்" என்றாள்.

"கிடைச்சிட்டா எனக்கு எதுக்குக்கா இந்த எடம்?" என்று மேரிசெல்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரிக்கா, பாத்துக்கோ" என்றாள். இடம் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அவள் மனசு சொன்னது. அப்போதே அவள் திரும்பி வருவதற்கு வழி போட்டுக்கொண்டாள் என்பது எனக்குத் தெரிகிறது, அவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தாள். பாத்திரம்கூட ஆஷ்லின் தேய்த்தாள். ஆரோக்கியராஜ் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தான். தினமும் சாயங்காலம் அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வந்துட்டுதும்மா, தெரியுது பாரு" என்பான். உண்மைதான், வந்துகொண்டிருந்தது. கட்டைவிரலில் சுழி சுழியாகக் கோடு எழும்ப எழும்ப அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளத் தொடங்கினாள். சோறு இறங்கவில்லை. இருபது வயசுப் பெண்களோடு வரிசையில் நிற்பதும், யாரோ இங்கிலீஷில் ஏதோ கேட்பதும், இவள் விழிப்பதும் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

பதிமூன்றாம் நாள் மத்தியானம், உப்பளத்தில் ஆள் கலைந்த பிறகு போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கரையில் தனகோடி கொட்டி வைத்த குவியல் இருந்தது. அதன் முன்னால் குந்தி, இரண்டு கையையும் பாத்தித் தண்ணீரில் நனைத்து, கல்லுப்பை அள்ளி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். எரிந்தது. தேய்த்தாள். விரல்நுனிகளை ஒவ்வொன்றாக, பாத்திரம் துலக்குகிற மாதிரி. முடித்த பிறகு, பதிமூன்று நாளில் முதல் முறையாக அவளுக்குப் பசித்தது.

குறித்த நாளில் ஆஸ்பத்திரி மெஷின், "பிளீஸ் ட்ரை அகெய்ன்" என்று பதினோரு தடவை சொன்னது. ஜெனிதா அவள் விரலைத் துணியால் துடைத்தாள், ஈரம் தொட்டு வைத்தாள், வேறு விரலை மாற்றினாள். கடைசியில், "சாரிக்கா, சீட் நிக்காது" என்றபோது ஜெனிதாவின் கண்தான் கலங்கியிருந்தது. மேரிசெல்விக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அனுமந்தை ஊரைத் தாண்டியதும் அந்த நிம்மதி போய், வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, நான் மனுஷிதானா என்று தன்னையே கேட்டாள்.

ஊர் அவளை மடியில் வைத்துக்கொண்டது. தனகோடி வரப்பில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "பாழாப் போன உப்பு, எம்மாம் படிச்ச பொண்ணு, கையத் தின்னுட்டுதே!" என்று அழுதாள். அழும்போது அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இரண்டு ஆள் சுமையை ஒரே தலையில் தூக்கியதில் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்த்தாள். மேரிசெல்வி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கூடையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். இடம் பத்திரமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டாள். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். பத்துக் கட்டளையையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இது எதில் வருகிறது? யாரையும் கொல்லவில்லை. யாருடைய பொருளையும் எடுக்கவில்லை. தன் கையைத் தானே தேய்த்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவரே, உழைப்பால் தேய்ந்த கைகள் என்று அவள் பெயரைச் சொல்லிப் பேசினார். கோயிலே திரும்பி அவளைப் பார்த்தது. தரை பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு.

யாரோ அவள் கையைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது சுற்றிச் சுற்றி ஜெனிதாவிடம் போய், ஜெனிதா அதை மேலிடத்தில் காட்டியிருக்கிறாள். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் போன் வந்தது.

"அக்கா, நல்ல சேதி. மெஷினையே மாத்திட்டாங்க. இனிமே விரல் வேணாம், முகத்தக் காட்டினா போதும். உங்களுக்காக ஒரு சீட் வெச்சிருக்காங்க. திங்கக்கிழம பத்து மணிக்கு வந்துடுங்க."

ஆரோக்கியராஜ் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டான். இல்லாவிட்டால் அந்தப் போனே வரவில்லை என்று ஆகியிருக்கும். தெருவெல்லாம் சொல்லிவிட்டான். தனகோடி ஓடி வந்து கட்டிப் பிடித்தாள். மேரிசெல்வி மட்டும் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். விரலைத் தேய்க்கலாம். முகத்தை என்ன செய்வது?

அந்த ஆறு நாளும் அவள் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. காய்ச்சல் வரட்டும் என்று மொட்டை வெயிலில் நின்றாள். வரவில்லை. உழைத்த உடம்பு, கல்லு மாதிரி இருந்தது. சனிக்கிழமை சைக்கிளில் போகும்போது எதிரே லாரி வந்தது. அதைப் பார்த்து ஒரு நொடி என்ன நினைத்தாளோ, ஓரம் கட்டி இறங்கி, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் என்னைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே, ஒரு வேலைக்குப் போகாமலிருக்க உயிரையே விட்டுவிடுவேனா என்று அழுதாள். யாரிடம் சொல்வது? சொன்னால் இந்த ஒன்றரை மாதப் பரிதாபம் முழுக்கத் திருட்டு என்று ஆகிவிடும்.

திங்கட்கிழமை விடிகிற நேரம், நீலக் கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்ற ஆரோக்கியராஜை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். கால் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. உப்பளத்தில் தனகோடி ஏற்கெனவே இறங்கியிருந்தாள்.

"அடியே, இன்னா இங்க வந்து நிக்கிற? பஸ்ஸு போயிடும்டி."

மேரிசெல்வி பையை வரப்பில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையை எடுத்தாள்.

"நான் போவலக்கா."

"ஏன்? அவரு எதுனா சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. யாருமே ஒண்ணும் சொல்லலக்கா. எப்பவும் யாரும் சொன்னதில்ல." அதற்கு மேல் வாய் நிற்கவில்லை. "அன்னிக்கு உப்பு என் கையத் தின்னல. நான்தான் வந்து தேய்ச்சிக்கிட்டேன். நீ கொட்டி வெச்ச உப்ப எடுத்துத்தான் தேய்ச்சேன். ரேகை நல்லா வந்துட்டுதுக்கா. பயந்துட்டேன்."

தனகோடி முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு அவளைப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்றுதான் மேரிசெல்வி எதிர்பார்த்தாள். திட்டினால் அழுது தீர்த்துவிடலாம். தனகோடியின் குரலோ சத்தமே இல்லாமல் வந்தது.

"பதிமூணு நாளு. ரெண்டு பேரு சொம. ஒனக்கு எடம் போயிடக் கூடாதுன்னு சொமந்தேன். டாக்டரு கழுத்து எலும்பு தேஞ்சி போச்சுன்றாரு, பட்ட போட்டுக்கோன்றாரு. போவட்டும், மேரிக்கு விடிஞ்சா சரின்னு இருந்தேன்." அவள் கை மேரிசெல்வியின் கூடையைப் பிடுங்கியது. "என் கழுத்த எடுத்து இல்ல தேய்ச்சிருக்க நீ."

கூடை வாய்க்காலில் போய் விழுந்தது.

"இந்தப் பாத்தியில ஒனக்கு இனிமே எடம் கெடையாது. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். போ."

"அக்கா..."

"அக்கான்னு கூப்புடாத. போ."

களவு செய்யாதிருப்பாயாக. பாவசங்கீர்த்தனத்தில் எண்ணி எண்ணிப் பார்த்தும் கிடைக்காத கட்டளை, வரப்பில் நின்றபோது அவளுக்குக் கிடைத்தது. தன்னுடையதை மட்டும்தான் பாழாக்குகிறோம் என்று இத்தனை வருஷமும் அவள் தன்னைத் தேற்றி வந்திருந்தாள். தபால்காரனைத் திட்டிக்கொண்டே செத்த அப்பன் முகமும் அப்போது ஞாபகம் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். தைரியம் வந்து நடக்கவில்லை, நிற்க இடமில்லாமல் நடந்தாள். பஸ்ஸில் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சுவரில் மாட்டிய சின்னத் திரை. ஜெனிதா கம்ப்யூட்டரில் பெயர் அடித்துவிட்டு, "நேரா பாருங்க, கண்ண மூடாதீங்க" என்றாள். திரையில் தன் முகம் வந்ததும் மேரிசெல்விக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இமை மூடியது. மெஷின் சிவப்பு காட்டியது. இரண்டாவது தடவையும் சிவப்பு. பின்னால் சின்னப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது தடவையும் சிவப்பு.

ஜெனிதா அவள் தோளில் கை வைத்தாள். "உப்பளத்துலயே நின்னு கண்ணு கெட்டுப் போச்சுல்ல, அதான் கூசுது. பரவால்லக்கா, மொதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் வேற எதுனா வழி பாக்கலாம்."

எவ்வளவு அழகான சாக்கு! பாதி நிஜமும்கூட. அந்தக் கண் கெட்டதுதான். இன்னொரு முறை மரக்காணமே அழும், சாமியார் பிரசங்கம் வைப்பார். ஆனால் எந்த இமை கூச்சத்தில் மூடியது, எதை அவளே மூடினாள் என்று அவளுக்குத் தெரியும். மூன்றையும் அவள்தான் மூடினாள்.

"கண்ணு மேல தப்பு இல்ல மேடம்" என்றாள். "நான்தான் மூடுறேன். போன வாட்டி வெரலையும் நான்தான் கெடுத்துக்கிட்டேன், உப்பு கெடுக்கல. சொன்னா அனுப்பிடுவீங்கன்னு தெரியும். அனுப்புறதா இருந்தா அனுப்பிடுங்க. இல்லன்னா இன்னொரு வாட்டி எடுங்க. நான் மூடமாட்டேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெனிதா சிரிக்கவில்லை. மறுபடி பட்டனை அழுத்தினாள். மேரிசெல்வி இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். எரிந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பச்சை வந்தது.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் கழுத்தில் தொங்குகிற கார்டில் உள்ள படத்தில், பேயைப் பார்த்தவள் மாதிரி இரண்டு கண்ணும் விரிந்திருக்கும். இன்னமும் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் அவள் கால் உப்பளத்தின் பக்கம் திரும்பப் பார்க்கிறது. வருகிற முதல் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும், இரண்டாவதைப் பற்றி யோசிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். இதுவரை மீறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டை எடுத்துக்கொண்டு தனகோடி வீட்டுக்குப் போனாள். தனகோடி முழு உடம்பையும் திருப்பி அதைப் பார்த்தாள். "கண்ணு நல்லாத்தான் தொறந்திருக்குது" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைகளில் எலும்பு டாக்டர் வருவார் என்றும், அவரிடம் பேசி வைத்திருப்பதாகவும் மேரிசெல்வி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை ஆனால் வேலைக்கு நடுவே நாலு தடவையாவது வாசல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தனகோடி இன்னும் வரவில்லை.